இரண்டாவது கவரில் இருப்பது நம்முடைய கூலி

எங்கள் தெருவில் முதன்முதலாகக் காரை வீடு கட்டியவர் உள்ளாட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஒரு தாத்தா. படித்தவர் இல்லை. ஆனால் அவருக்குக் காலமுறை ஊதியம் இருந்தது. அந்தச் சம்பளச் சான்றிதழைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுத்தது. அவருடைய மகள் ஆசிரியர் பயிற்சி முடித்தார். பேரன் பொறியியல் படித்தான். ஓய்வூதியம் வந்ததால் கடைசிவரை யாரிடமும் கை நீட்டாமல் இருந்தார். கடையநல்லூரிலும், பக்கத்தில் புளியங்குடி, சங்கரன்கோவில், தென்காசி என்று எங்கள் சொந்தங்கள் வாழும் ஊர்களிலும் இப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இல்லாத தெரு குறைவு. நம் மக்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்குப் பின்னால் ஒரு துடைப்பமும், அந்தத் துடைப்பத்தோடு சேர்ந்து வந்த நிரந்தர வேலை ஆணையும் இருக்கின்றன.

இன்றும் அதே சாலைகளை நம் அக்காமார்கள்தான் கூட்டுகிறார்கள். துடைப்பம் மாறவில்லை, சாதி மாறவில்லை. ஆணைதான் காணாமல் போய்விட்டது. அவர்கள் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. மேஸ்திரியைத் தெரியும், அவ்வளவுதான்.

2020-ல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. கௌரவமான பெயர்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெயருக்கு மரியாதை கூடிய அதே காலத்தில்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த பதவி கரைந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் படிக்கும் எங்கள் வட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, இந்தக் கம்பெனிக்காரங்களுக்கு மட்டும் டெண்டர் எப்படிண்ணே கிடைக்குது? நாமளே ஒரு ஏஜென்சி வச்சா என்ன?" நல்ல கேள்வி. இதற்குக் கோபத்தால் பதில் சொல்ல முடியாது, காகிதத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும். ஆகவே டெண்டர் காகிதங்களை வாங்கி உட்கார்ந்து படித்தோம். படித்ததை இங்கே எழுதுகிறோம்.

பதவி எப்படி 'சேவை' ஆனது

முதலில் ஒரு வார்த்தை விளையாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். அரசு ஓர் ஆளை வேலைக்கு எடுத்தால் அது 'பணி நியமனம்'. அரசியல் சட்டத்தின் 16(4) அங்கே வரும். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு வரும். 200 புள்ளி இனச்சுழற்சி வரும். அதில் பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 என்று கணக்கு வரும். ஆனால் அதே அரசு ஒரு நிறுவனத்திடம் "எனக்கு நூறு ஆள் அனுப்பு" என்று சொன்னால், சட்டத்தின் கண்ணில் அரசு யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. ஒரு 'சேவை'யை வாங்கியிருக்கிறது. நாற்காலி வாங்குவதும் மின்விசிறி வாங்குவதும் மனிதரை வாங்குவதும் ஒரே கொள்முதல் விதிக்குள் வந்துவிடுகின்றன. நாற்காலி வாங்கும்போது யாரும் இனச்சுழற்சி பார்ப்பதில்லை.

ஒன்றிய அரசு 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. 45 நாள்களும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி இடஒதுக்கீடு உண்டு என்பதுதான் அது. தற்காலிக வேலைக்கே இடஒதுக்கீடு உண்டு! ஆனால் அது அரசே நேரடியாக எடுக்கும் தற்காலிகப் பணியாளருக்கு. இடையில் ஒரு நிறுவனம் நுழைந்துவிட்டால் அந்த 45 நாள் விதியும் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நகராட்சி நிர்வாகத் துறை வெளியிட்ட இரண்டு அரசாணைகளின் எண்களை நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: 152, 139. முதலாவது மாநகராட்சிகளுக்கு, இரண்டாவது நகராட்சிகளுக்கு. அடிமட்டப் பணிகளை வெளிமுகமை மூலம் செய்துகொள்ள வழி திறந்தவை இவை. தூய்மைப் பணியாளர் சங்கங்கள் அன்று முதல் இவற்றை ரத்து செய்யக் கோரி வருகின்றன. ஒரு வேலையை ஒரே நாளில் ஒழித்தால் போராட்டம் வரும். ஓய்வு பெறுகிறவரின் இடத்தை நிரப்பாமல் விட்டு, அந்த வேலையை டெண்டருக்கு விட்டால் சத்தமே வராது. சிறிய ஊர்களில் நடந்தது இந்த இரண்டாவது வகை.

டெண்டர் எப்படி ஜெயிக்கிறது

தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதலுக்கு அடிப்படை 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும். டெண்டர் அறிவிப்பு வெளியாக வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஆள் அனுப்பும் டெண்டர்கள் பெரும்பாலும் இரண்டு கவர் முறையில் நடக்கும். இன்று கவர் என்பது இணையத்தில் ஏற்றும் கோப்புதான், ஆனாலும் பெயர் அப்படியே இருக்கிறது.

முதல் கவர் தகுதிக் கவர். நிறுவனப் பதிவு, ஜிஎஸ்டி எண், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு, கடந்த மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, ஆண்டு வர்த்தக அளவு, வங்கியின் சொத்துத் தகுதிச் சான்று, இதேபோன்ற வேலையை ஏற்கெனவே செய்து முடித்த அனுபவச் சான்று, முன்வைப்புத் தொகை. இதில் ஒன்று குறைந்தாலும் இரண்டாவது கவரைத் திறக்கவே மாட்டார்கள்.

இங்கேதான் முதல் ஆட்டம் முடிகிறது. ஆண்டு வர்த்தகம் இத்தனை கோடி இருக்க வேண்டும், இத்தனை பேரை ஒரே நேரத்தில் அனுப்பிய அனுபவம் வேண்டும் என்று எழுதும் ஒரு வரி யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. நிபந்தனை தேவையான அளவு இருந்தால் அது பாதுகாப்பு. தேவைக்கு மேல் இருந்தால் அது வேலி. அந்த வரியை எழுதுகிறவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்க வேண்டிய நேரம் டெண்டர் முடிந்த பிறகு அல்ல, அறிவிப்பு வந்த அந்த 15 நாளில்.

இரண்டாவது கவர் விலைக் கவர். தகுதி பெற்றவர்களில் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கு வேலை. 'எல்-ஒன்' என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். சாலை போடும் டெண்டரில் விலையைக் குறைக்க நல்ல இயந்திரம் வைத்திருக்கலாம், ஜல்லியை மலிவாக வாங்கலாம். ஆள் அனுப்பும் டெண்டரில் என்ன இருக்கிறது குறைக்க? இயந்திரம் கிடையாது, ஜல்லி கிடையாது. ஆள்தான் இருக்கிறார். அவருடைய கூலிதான் இருக்கிறது. இரண்டாவது கவருக்குள் இருப்பது விலை அல்ல, நம்முடைய கூலி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

எங்கள் வட்டத்தில் கரும்பலகையில் போட்ட கணக்கு இது. எண்கள் எந்த ஊர் டெண்டரிலிருந்தும் எடுத்தவை அல்ல, புரிந்துகொள்வதற்காக நாங்களே வைத்தவை. சதவீதங்கள் மட்டும் சட்டப்படி உள்ளவை.

ஒருவருக்கு நாள் கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் என்று வையுங்கள். 13,000 ரூபாய். இதற்கு மேல் முதலாளி தன் பங்காகக் கட்ட வேண்டியது பி.எஃப்., காப்பீடு, நிர்வாகக் கட்டணம் சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,690 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 422 ரூபாய் 50 காசு. ஆக ஓர் ஆளுக்கு 15,112 ரூபாய் 50 காசு. நூறு பேருக்கு மாதம் 15,11,250 ரூபாய். இது எந்த நிறுவனம் வந்தாலும் மாறக் கூடாத தொகை.

நிறுவனத்துக்குக் கிடைக்க வேண்டியது இதற்கு மேல் வரும் சேவைக் கட்டணம். ஒன்றிய அரசின் 'ஜெம்' இணையச் சந்தையில் ஆள் அனுப்பும் ஏலங்களில் நிறுவனங்கள் சுழியத்துக்குப் பக்கத்தில் கட்டணம் சொல்லத் தொடங்கின. அதனால் 2023-ல் ஒன்றிய நிதித் துறை, குறைந்தபட்சக் கட்டணம் 3.85 சதவீதம் என்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. நம் கணக்கில் 3.85 சதவீதம் என்றால் மாதம் சுமார் 58,000 ரூபாய். இதில்தான் மேற்பார்வையாளர் சம்பளம், அலுவலகம், கணக்காளர், வங்கி வட்டி எல்லாம். உள்ளாட்சி பில்லை இரண்டு மாதம் தாமதித்தால் நிறுவனம் 30 லட்சம் ரூபாயைக் கையிலிருந்து போட்டுக் கூலி கொடுக்க வேண்டும். நேர்மையாக நடத்தினால் இது கஷ்டமான தொழில்.

அப்படியானால் ஒரு சதவீதம், அதற்கும் கீழே என்று விலை சொல்கிறவர் எப்படிப் பிழைக்கிறார்? அவர் தர்மம் செய்யவில்லை. சட்டப்படி ஒரு தொழிலாளியின் கையில் சேர வேண்டியது, அவர் பங்கு பி.எஃப். 12 சதவீதமும் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமும் போக, 11,342 ரூபாய் 50 காசு. முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் தொழிலாளி தலையிலேயே பிடித்துவிட்டால் கையில் 9,230 ரூபாய். ஓர் ஆளிடம் பிடித்தது 2,112 ரூபாய் 50 காசு. நூறு பேரிடம் ஆண்டுக்கு 25,35,000 ரூபாய். இன்னொரு வழியும் உண்டு. பதிவேட்டில் 100 பேர், தெருவில் 85 பேர். மீதி 15 பேரின் வேலையையும் அந்த 85 பேரே செய்கிறார்கள். அந்த 15 பேரின் பணம் மாதம் 2,26,687 ரூபாய். கையுறை, காலணி, சீருடை கொடுக்காமல் விடுவது இந்தக் கணக்கிலேயே சேராது.

இது கற்பனையான பயம் இல்லை. எங்களுடன் படிக்க வரும் ஓர் அக்கா, இந்த மாவட்டத்தில் ஓர் ஊரில் வேலை செய்கிறார். ஊர்ப் பெயர் வேண்டாம், அவருக்கு நாளைக்கும் வேலை வேண்டும். அவர் சொன்னது: "பேங்க்ல முழுசாத்தான் போடுதாவ. மறுநாள் மேஸ்திரி வந்து ஆயிரத்தஞ்நூறு திருப்பிக் குடுன்னு வாங்கிட்டுப் போறாவ. குடுக்கலைன்னா மறுநாள் வேற வார்டு, அதுக்கு மறுநாள் வேலையே இல்ல." வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் ஊழல் ஒழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த அக்காவிடம் ஒரு நாள் பேச வேண்டும்.

துடைப்பத்துக்குத் தேடி வருவார்கள்

இடஒதுக்கீடு போய்விட்டது என்று நாம் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். "தூய்மைப் பணியில் முழுக்க உங்கள் ஆள்கள்தானே, அங்கே எதற்கு இடஒதுக்கீடு?" என்பார்கள். சரியாகப் பாருங்கள். ஒப்பந்த முறை நமக்கு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நட்டம் செய்கிறது.

தூய்மைப் பணியில் நாம் இழந்தது எண்ணிக்கையை அல்ல, நிரந்தரத்தை. கூட்டுகிறவர்கள் இன்றும் பெரும்பாலும் அருந்ததியரும் காட்டுநாயக்கரும் பறையரும்தான். சாதி வேலை அப்படியே இருக்கிறது, அதோடு வந்த ஊதியமும் ஓய்வூதியமும் போய்விட்டன. இழிவு நமக்கு, மிச்சம் ஒப்பந்தக்காரருக்கு.

ஆனால் வெளிமுகமை என்பது துடைப்பம் மட்டும் இல்லை. கணினி இயக்குபவர், ஓட்டுநர், மருத்துவமனைப் பணியாளர், காவலாளி, அலுவலக உதவியாளர் என்று பட்டியல் நீள்கிறது. இந்த வேலைகளுக்குத்தான் நம் தங்கைகளும் தம்பிகளும் பி.சி.ஏ., டிப்ளமோ முடித்துக் காத்திருக்கிறார்கள். அங்கே நிறுவனம் யாரை எடுக்கிறது? தெரிந்தவரை, சொந்தக்காரரை, கவுன்சிலர் அனுப்பியவரை. விளம்பரம் கிடையாது, தேர்வு கிடையாது, பட்டியல் கிடையாது. துடைப்பத்துக்கு ஒப்பந்தக்காரர் நம் தெருவைத் தேடி வருகிறார். கணினிக்கு முன்னால் இருக்கும் நாற்காலிக்கு அவருக்கு நம் தெரு நினைவுக்கு வருவதில்லை.

கடையநல்லூர் போன்ற ஊரில் இதை நாம் மட்டும் பேச வேண்டியதில்லை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழ்நாட்டில் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. டெண்டரில் அதுவும் இல்லை. மிகவும் பிற்படுத்தப்பட்டோரின் 20 சதவீதமும் இல்லை. பக்கத்துத் தெருத் தோழர்களிடம் இதைச் சொல்லுங்கள். இழப்பு நம்முடையது மட்டும் அல்ல, முதலில் அடி விழுந்தது நமக்கு.

சென்னையில் நடந்தது

2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகைக்கு வெளியே தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். உழைப்போர் உரிமை இயக்கம் தலைமையில் நடந்த போராட்டம். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-ஆம் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் மாநகராட்சி ஒப்படைத்ததுதான் காரணம். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், நிறுவனத்துக்குப் போனால் சுமார் 17,000 ஆகக் குறையும் என்றார்கள். பெரும்பாலோர் பெண்கள். கொரோனாவிலும் வெள்ளத்திலும் அதே நகரத்தைச் சுத்தம் செய்தவர்கள். 13 நாள் மழையிலும் வெயிலிலும் நடைபாதையில் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று, உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை நலத்திட்டங்களை அறிவித்தது, அதில் காலை உணவும் ஒன்று. அவர்கள் கேட்டது உணவு இல்லை. தங்கள் உணவைத் தாங்களே வாங்கிக்கொள்ளும் வேலை.

சென்னையில் ஆயிரக்கணக்கில் திரண்டதால் நாடு பார்த்தது. நம் மாவட்டத்தில் ஓர் ஊரில் எழுபது பேர், எண்பது பேர். அவர்கள் உட்கார்ந்தால் கேமரா வராது. அதனால்தான் நாம் காகிதத்தைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

நாமே ஏஜென்சி வைக்கலாமா?

தம்பியின் கேள்விக்கு வருவோம். சட்டத்தில் வழி இருக்கிறது. ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத் துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதில் 4 சதவீதம் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று கொள்கை இருக்கிறது. தகுதியான குறு, சிறு நிறுவனங்களுக்கு முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கும் உண்டு. கர்நாடகத்தில் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களிலேயே எஸ்சி, எஸ்டி ஒப்பந்தக்காரர்களுக்கு 24.1 சதவீதம் ஒதுக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளில் தொடங்கி, 2023-ல் வரம்பை ஒரு கோடியாக உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியம் தருகிறது. கணினி சேவை, வாகனம், இயந்திரம், உணவகம் என்று தொழில் செய்ய விரும்பும் தம்பி தங்கைகள் இவற்றை விடக் கூடாது. பொருளாதாரத்தில் நமக்கும் இடம் வேண்டும்.

ஆனால் ஆள் அனுப்பும் தொழில் பற்றி எங்கள் வட்டத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. "வேற சாதிக்காரன் திங்கிறதை நம்ம ஆளு தின்னா என்ன?" என்று ஒருவர் கேட்டார். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். எல்-ஒன் முறையில் யார் நுழைந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. 58,000 ரூபாய்க்குள் நேர்மையாக இருக்க முயல்கிறவர் அடுத்த டெண்டரில் தோற்பார். ஜெயிக்க வேண்டுமானால் நம் அக்காவின் 1,500 ரூபாயைத் திருப்பி வாங்க வேண்டும். மேஸ்திரியின் சாதி மாறினால் அக்காவின் சம்பளம் கூடாது. ஆகவே நாங்கள் வந்து சேர்ந்த முடிவு: பொருளையும் திறமையையும் விற்கும் ஒப்பந்தங்களில் பங்கு கேட்போம். மனிதரை விற்கும் ஒப்பந்தத்தில் பங்கு கேட்க மாட்டோம், அதன் விதியை மாற்றக் கேட்போம்.

வேறு வழிகள் இருக்கின்றன

மாற்று இல்லை என்பது பொய். பெங்களூருவில் தூய்மைப் பணியாளர்கள் நெடுங்காலம் ஒப்பந்தக்காரர்களிடம் இருந்தார்கள். தொடர்ந்து போராடியதால் முதலில் மாநகராட்சியே நேரடியாகச் சம்பளம் தரும் முறை வந்தது. 2025 மே 1 அன்று 12,000-க்கும் மேற்பட்டோருக்கு நிரந்தரப் பணி ஆணை வழங்கினார்கள். இதுதான் முதல் வழி, நம் முதல் கோரிக்கையும் இதுதான்.

ஆந்திரம் வேறு வழியில் போனது. 2020-ல் வெளிமுகமைப் பணியாளர்களுக்கென்றே அரசுக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. தனியார் இடைத்தரகர் இல்லை, நியமனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகியோருக்குச் சேர்த்துப் பாதி இடம் என்று அறிவித்தார்கள். 2025 செப்டம்பரில் உத்தரப் பிரதேச அமைச்சரவையும் இப்படி ஒரு கழகத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நிரந்தரத்துக்கு இது ஈடாகாது. ஆனால் வெளிமுகமையில் இடஒதுக்கீடு நடைமுறை சாத்தியமில்லை என்று சொல்லும் அதிகாரிகளின் வாயை அடைக்க இது போதும்.

மூன்றாவது வழி புனே. அங்கே குப்பை பொறுக்கும் பெண்களின் சங்கத்திலிருந்து 'ஸ்வச்' என்ற கூட்டுறவு பிறந்தது. மாநகராட்சியோடு ஒப்பந்தம் போடுவது தொழிலாளர்களே உரிமையாளராக இருக்கும் அந்தக் கூட்டுறவு. ஒப்பந்தம்தான், ஆனால் நடுவில் முதலாளி இல்லை.

நீதிமன்றங்களின் போக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 2001-ல் செயில் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது. ஆனால் அதே தீர்ப்பு, ஒப்பந்தம் வெறும் பெயரளவுக்கானது என்று நிரூபித்தால் அவர் நேரடித் தொழிலாளிதான் என்றும் சொன்னது. 2006-ல் உமாதேவி வழக்கு, தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரம் கேட்கும் கதவைப் பெரிதும் சாத்தியது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக வைத்து நெடுங்காலம் உழைத்தவர்களைச் சுரண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அந்த வழக்கைப் போட்டவர்கள் ஒன்றிய நீர் ஆணையத்தில் கூட்டிப் பெருக்கியவர்களும் தோட்ட வேலை செய்தவர்களும். நம்மைப் போன்றவர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஒரு நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் துப்புரவை மையப் பணியல்லாதவற்றின் பட்டியலில் வைத்துவிட்டு, அந்த நிறுவனமே அந்த வேலைக்காக அமைக்கப்பட்டதாக இருந்தால் தவிர என்று ஒரு வாசகத்தைச் சேர்த்திருக்கிறது. நாம் பிடிக்க வேண்டிய கயிறு இது. நகராட்சி எதற்காக அமைக்கப்பட்டது? குப்பை அள்ளாத நகராட்சிக்கு வேறு என்ன மையப் பணி இருக்கிறது? இந்தக் கேள்வியை நம் சட்ட மாணவர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி என்ன செய்யலாம்

தோழர்களே, கோஷம் வேண்டும், அதோடு கோப்பும் வேண்டும். உங்கள் ஊரில் நீங்கள் இந்த மாதமே தொடங்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடுங்கள். ஆள் அனுப்பும் ஒப்பந்தத்தின் நகல், நிறுவனம் சொன்ன விலை விவரம், ஓர் ஆளுக்கு உள்ளாட்சி கொடுக்கும் தொகை, கடந்த ஆறு மாத வருகைப் பதிவேடு, பி.எஃப். கட்டிய ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிவேட்டை எடுத்துக்கொண்டு காலை ஆறு மணிக்குத் தெருவில் நின்று தலையை எண்ணுங்கள்.

ஒவ்வொரு தொழிலாளியின் கைபேசியிலும் உமங் செயலியில் பி.எஃப். கணக்கைத் திறந்து காட்டுங்கள். பணம் ஏறியிருக்கிறதா, எத்தனை மாதம் ஏறவில்லை என்று எழுதி வையுங்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் அதைத் தர வேண்டிய பொறுப்பு முதன்மை வேலை அளிப்பவருக்கு, அதாவது உள்ளாட்சிக்கு. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்தப் பொறுப்பு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. "அது ஏஜென்சி விஷயம், எங்களுக்குத் தெரியாது" என்று எந்த ஆணையரும் சொல்லித் தப்ப முடியாது.

விடுப்பு கொடுப்பது யார், எந்த வார்டு என்று சொல்வது யார், வேலையைச் சரிபார்ப்பது யார் என்று நாள்குறிப்பு எழுதச் சொல்லுங்கள். உள்ளாட்சியின் அலுவலர்தான் இதையெல்லாம் செய்கிறார் என்றால், நாளைக்கு ஒப்பந்தம் பெயரளவுக்கானது என்று நிரூபிக்க அந்த நோட்டுதான் சாட்சி.

டெண்டர் அறிவிப்பு வரும்போதே மன்ற உறுப்பினர்களைப் பாருங்கள், முக்கியமாகத் தனி வார்டுகளில் ஜெயித்து வந்த நம் உறுப்பினர்களை. மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். கூலி ஏலத்துக்கு வெளியே இருக்க வேண்டும், சேவைக் கட்டணத்தில் மட்டும்தான் போட்டி. நிறுவனம் மாறினாலும் ஆள் மாறக் கூடாது. எந்தப் பணியாக இருந்தாலும் இனச்சுழற்சிப்படி ஆள் எடுத்து, பட்டியலை அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். இவை நிரந்தரத்துக்கு மாற்று அல்ல. நிரந்தரம் கிடைக்கும் வரை நம் அக்காவின் கையிலிருந்து எடுக்கும் கையைத் தடுக்கும் வேலி.

1935-ல் பம்பாய் மாநகராட்சித் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தபோது பாபாசாகேப் அம்பேத்கர் அவர்களை ஓர் அரசியல் சக்தியாகப் பார்த்தார், பரிதாபத்துக்கு உரியவர்களாக அல்ல. பின்னர் அவர் எழுதித் தந்த அரசியல் சட்டம் நமக்குப் பதவியில் பங்கு தந்தது. இன்று அந்தப் பங்கை யாரும் சட்டத் திருத்தம் போட்டுப் பறிக்கவில்லை. நாம் படிக்காத ஒரு டெண்டர் காகிதத்தின் வழியாக அது கழன்றுகொண்டிருக்கிறது.

உங்கள் ஊர் டெண்டர் காகிதத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். சேர்ந்து படிப்போம்.

ஜெய்பீம்.